மீன் இருந்த தண்ணீர்

அவர் என்னிடம் முதன்முதலில் கேட்டது, "தண்ணி நல்லாக் கொதிச்சிச்சா?" என்றுதான்.

நாங்கள் காஜா பேராங்கில் குடிவந்த நாள் அது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மலாக்கா பட்டணமே புதிது. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் பஸ் கண்டக்டர். சாமான்களை இறக்கிவைத்த கையோடு வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாக அடுப்பை மூட்டிப் பானையை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஒரு முகம் நின்றிருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்த முகம். அது என்னைப் பார்க்கவில்லை. என் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொதிச்சிச்சுங்க," என்றேன்.

"கொமிழி வந்தா மட்டும் பத்தாது தங்கச்சி. கொமிழி வந்தப்புறமும் வெறகத் தள்ளணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கணவர் வரும்வரை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வரிசையில் ஐந்து பலகை வீடுகள், எல்லாவற்றுக்கும் தகரக் கூரை. முன்னால் இருந்த பெரிய பழைய வீட்டில் வீட்டு முதலாளி குடும்பம். பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன கம்போங் செட்டிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டில் படையல் எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே ஒரு தமிழ் வார்த்தை வந்து விழும். வீடுகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. குழாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் சாலை முனைவரை நடக்க வேண்டும்.

அவருடையது கடைசி வீடு. தனி ஆள். துக்காங் எமாஸ் சாலையில் ஒரு படக்கடையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடும் வேலை. வயது நாற்பதைத் தாண்டாது என்று கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அறுபது என்று நினைத்திருந்தேன்.

"சயாமுக்குப் போயிட்டு வந்தவரு," என்றார் கணவர். "ஜப்பான்காரன் ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனான்ல, அதுல போயி உசுரோட திரும்புனவரு. கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பாரு. நீ பயப்படாத."

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? அடுத்த ஒரு மாதம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன்.

அவர் வீட்டு முன்னறையில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கடையில் மிஞ்சிய கண்ணாடியை வெட்டி, இரும்புச் சட்டத்தில் பதித்து, ஓரமெல்லாம் தார் பூசி அவரே செய்தது. உள்ளே ஏழு தங்கமீன்கள். தொட்டிக்கு மேலே பலகையில் ஒரு மண்ணெண்ணெய் டின் இருக்கும். அதன் அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். அடியில் கூழாங்கல், அதற்குமேல் ஆற்றுமணல், அடுப்புக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய் நார். தொட்டியின் அடித்தண்ணீரை ரப்பர் குழாயால் இறக்கி, அந்த டின்னில் ஊற்றுவார். அது சொட்டுச் சொட்டாக மறுபடியும் தொட்டிக்குள் விழும். மற்றவர்களைப் போலக் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச மாட்டார். குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இறக்குவார். பாம்பைப் பிடிக்கிறவர் போல இருக்கும்.

தினமும் விடிவதற்குள் அந்த நாரையும் மணலையும் அலசிவிடுவார். அலசிய கறுப்புத் தண்ணீர் இரண்டு வாளி வரும். அதை ஒரு சொட்டுக்கூடக் கீழே கொட்டாமல் பின்பக்கம் கொண்டுபோய், கீரைப் பாத்திக்கு ஊற்றுவார். அந்தக் கீரை மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வாரம் இரண்டு தடவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவார். முதல் தடவை வைத்தபோது நான் அதைத் தொடவில்லை. மீன் கழிவில் வளர்ந்த கீரையை எப்படித் தின்பது?

"அழுக்குத் தண்ணின்னு நெனைக்காத தங்கச்சி," என்றார் கதவுக்கு வெளியே நின்றபடியே. நான் தொடாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. "மீனுக்கு அது கழிவு. கீரைக்கு அது சோறு. கீரை தின்னது போகப் பூமிக்குள்ள எறங்குறது சுத்தமான தண்ணி. அதான் நமக்கு வேணும்."

ஒருநாள் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தேன். அன்று அவர் வாளிகளைக் கிணற்றடியில் வைத்துவிட்டு எதற்கோ உள்ளே போயிருந்தார். நான் ஒரு வாளியை எடுத்து, பக்கத்துச் சாக்கடையில் கொட்டிக் கழுவியும் வைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க ஊத்துன?"

"சாக்கடையிலண்ணே."

"அது எங்க போவுது?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்?"

அவர் சாக்கடையை ஒட்டியே நடக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு, குனிந்து, தண்ணீர் போகும் திசையிலேயே போனார். ஒரு மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேற்றோடு திரும்பினார். அன்று கடைக்குப் போகவில்லை.

"பரவால்ல," என்றார் என்னிடம். "ஆத்துல போயி விழுது. கீழ யாரும் மொண்டு குடிக்கல. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

மீன் அலசிய ஒரு வாளித் தண்ணீருக்கு இந்தப் பாடா என்று அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு ஏதோ தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது.

கல்யாண வீட்டுக்குக்கூட அவர் தன் தண்ணீர் பாட்டிலோடுதான் வருவார். ஒரு தடவை யாரோ அவர் கையில் பாயாசக் குவளையைத் திணித்துவிட்டார்கள். அதை முகர்ந்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்காதபோது இலைக்கு அடியில் வைத்தார். பார்த்துவிட்ட ஒருவர், "வெஷமா வச்சிருக்காங்க?" என்று உரக்கக் கேட்டார். பந்தியே சிரித்தது. அவர் எழுந்து கைகழுவாமல் போய்விட்டார்.

மழை பெய்து நின்றால் மண்வெட்டியோடு வந்துவிடுவார். வழியெல்லாம் தேங்கிய குட்டைகளை மணல் போட்டு மூடுவார். யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு மத்தியானம் கிணற்றடிக்குப் போனேன். அவர் இடுப்புவரை கிணற்றுக்குள் கவிழ்ந்தபடி அசையாமல் நின்றிருந்தார். குதிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சத்தம் கேக்குதா?" என்றார், தலையைத் தூக்காமலே.

"என்ன சத்தம்ண்ணே?"

"ஊத்துச் சத்தம். வடக்குப் பக்கமிருந்து வருது பாரு. அது வர்ற வரைக்கும் தண்ணி உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் நானும் ஒரு நிமிடம் நின்று கேட்டேன். அவருடைய பயம் அப்படித்தான் என்னையும் தொற்றியது. அவருக்குப் பயந்துகொண்டிருந்தவள், அவர் எதற்குப் பயந்தாரோ அதற்குப் பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

மகன் பிறந்த பிறகு இது இன்னும் கூடியது. பால்குடிக் குழந்தைக்கு வாய் நனைக்க இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கவும் மூன்று தடவை கொதிக்க வைப்பேன். அவர் வாசலில் வந்து நிற்பார். குழந்தையைத் தொட மாட்டார். "கொதிச்சிச்சா?" என்பார். "கொதிச்சிச்சுண்ணே," என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவர் தன் குடிதண்ணீரை வைத்திருக்கும் முறையை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் கிணற்றிலிருந்து இறைப்பார். அதில் பாதியை மீன்தொட்டியில் ஊற்றுவார். மீதியை ஜாடியில் மூடி வைப்பார். காலையில் மீன்கள் ஓடியாடிக்கொண்டிருந்தால்தான் அந்த ஜாடியைத் திறப்பார்.

"ஒரு ராத்திரி மீனு உசுரோட இருந்த தண்ணியத்தான் நான் குடிப்பேன்," என்றார். "அதுங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்ததைப் பார்த்தேன்.

நாடு சுதந்திரமடைந்த வருஷம், மகனுக்கு எட்டு மாதம். எங்கள் வரிசையில் மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளன்று எல்லோருக்கும் ஒரே சமையல் என்று முடிவானது. வீட்டு முதலாளி அரிசி தருவதாகச் சொன்னார். மூன்றாம் வீட்டுக் கோபால் சமையலுக்கு முன்னால் நின்றான். செங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் புல்வெட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவன், வாட்டசாட்டமான ஆள், எல்லோருக்கும் முதலில் ஓடிவருகிறவன். முதல் நாள் மத்தியானமே வீடுகளைச் சுற்றி இடுப்பளவு நின்ற லாலான் புல்லை வெட்டி அழித்து இடத்தைத் துப்புரவாக்கிவிட்டான். கிணற்றைச் சுற்றிக்கூட ஒரு புல் இல்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் கொடிகளும் விளக்குகளும் பார்க்கக் கடலோரத் திடலுக்குக் கிளம்பிப் போய்விட்டோம். அவர் மட்டும் வரவில்லை. தலைவர்கள் படத்துக்குச் சட்டம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனவர், வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலத் தண்ணீர் இறைத்திருக்கிறார். பாதி தொட்டிக்கு, பாதி ஜாடிக்கு.

மறுநாள் காலையில் என் கணவருக்கு விசேஷ பஸ்ஸில் வேலை. இருட்டோடு போய்விட்டார். விசேஷத்துக்காக எல்லோர் வீட்டிலும் முதல் நாள் காலையிலேயே குடிதண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம்; குழந்தைக்கு மட்டும் நான் கிணற்றில் புதிதாகத் தண்ணீர் இறைத்து, அடுப்பில் வைத்து, குமிழி வந்த பிறகும் விறகைத் தள்ளி, ஆறவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிய பின் இரண்டு ஸ்பூன் வாயில் ஊற்றினேன். தூளியில் போட்டுவிட்டு முதலாளி வீட்டு முற்றத்துக்குக் காய் நறுக்கப் போனேன். கல்லடுப்பில் பெரிய அண்டா. அதில் கிணற்றுத் தண்ணீரில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கோபால் நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் காகிதக் கொடியை வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சோறு வடிக்கிற நேரம். பின்பக்கமிருந்து அவர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு பிடி கீரை. வேரோடு பிடுங்கியது.

"யாரும் சாப்பிடாதீங்க! தண்ணி சரியில்ல! கெணத்துத் தண்ணி சரியில்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, இன்னிக்குமா?" என்றான் கோபால்.

"மீனு ஏழும் செத்துக் கெடக்கு. மொதல்ல டின்னுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அலசுன தண்ணிய விடியக்காலையில பாத்தியில ஊத்திட்டேன். இப்பப் போயிப் பார்த்தா..." கீரையை நீட்டினார். நேற்றுவரை பச்சையாக நின்ற இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலச் சுருண்டு கறுத்திருந்தன. "கீரை கருகிப்போச்சு. மீனு நோவுல செத்திருந்தா கீரை ஏன் கருகணும்? தண்ணியில வெஷம் இருக்கு."

"ஒங்க மீனு செத்ததுக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். சிலர் சிரித்தார்கள். வீட்டு முதலாளி தன் மலாயில், இன்றைக்கு நல்ல நாள், போய்ப் படுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். கோபால் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, முதல் இலையில் போடச் சோற்றை அள்ளினான்.

அவர் அண்டாவின் விளிம்பை வெறுங்கையால் பிடித்தார். அது கொதிக்கிற அண்டா. கை வெந்திருக்கும். ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டார். சோறும் கஞ்சியுமாக முற்றம் முழுக்க ஓடியது.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோபால் துடுப்பால் அவரை அடித்தான். தோளில் ஒன்று, தலையில் ஒன்று. நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. அவர் தடுக்கவில்லை. சிந்திய சோற்றின்மேல் மண்டியிட்டுக் கையை விரித்துக்கொண்டு, "பிள்ளைங்கள விடாதீங்க, பிள்ளைங்கள விடாதீங்க," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவரை இழுத்துத் தூணோரம் உட்காரவைத்தார்கள். பெண்கள் அவரைச் சபித்தார்கள். நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. எழுத மனமில்லை.

முதலாளி வீட்டுக் கோழிகள் சோற்றுக்கு வந்தன. அவர் தூணோரமிருந்து, "கோழிய வெரட்டுங்க," என்று கத்தினார். யாரும் விரட்டவில்லை. வீணாய்ப் போன சோறு, கோழியாவது தின்னட்டும் என்று விட்டார்கள். மறுபடியும் அரிசி களைய ஆட்கள் கிளம்பினார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு சிவப்புப் பெட்டை கழுத்தைக் கோணிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சேவல் சுவரில் முட்டி விழுந்தது. கோழிகளின் கால் தரையைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் வாய் திறந்தவர் வீட்டு முதலாளிதான். "ஜாஙான் மினும்! ஜாஙான் மினும்!" குடிக்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு வீடாக ஓடி, வாசலில் இருந்த ஜாடிகளை உதைத்து உருட்டினார்.

கோபால் துடுப்பைக் கீழே போட்டான். "லாலான் மருந்து, புல்லு சாவுற வெஷம்," என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. "வெட்டுன எடத்துல மறுபடி மொளைக்கக் கூடாதுன்னு தோட்டத்துலேர்ந்து கொண்டாந்து அடிச்சேன். டின்ன... டின்னக் கெணத்தடியில வச்சுத்தான் அலசுனேன்." கிணற்றடிச் சிமிண்டில் கைநுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்குத் தூளி ஞாபகம் வந்தது.

எப்படி வீட்டுக்குள் போனேன் என்று தெரியாது. குழந்தை விழித்திருந்தான், ஆனால் அழவில்லை. வாயோரம் வாந்தி. உதடு வெளுத்திருந்தது. தூக்கினால் தலை நிற்காமல் பின்னால் விழுந்தது. வாசலில் அவர் வந்து நின்றார். முகம் முழுக்க ரத்தம்.

"கொதிக்க வச்சேண்ணே!" என்று அவரிடம் அலறினேன். "நீங்க சொன்ன மாதிரி கொதிக்க வச்சுத்தானே குடுத்தேன்!"

அவர் அடுப்பின்மேல் இருந்த பானையைப் பார்த்தார். கொதிக்கவைத்தால் போகாத விஷமும் உண்டு என்பதை அவரும் அந்தக் கணத்தில்தான் யோசித்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் போல என்னைப் பயமுறுத்திய முகம் பிறகு என் வாழ்வில் இல்லை. இத்தனை நாள் அவர் பயத்தைப் பிடித்துக்கொண்டு நான் தைரியமாக இருந்திருக்கிறேன். இப்போது அவர் கையிலும் ஒன்றுமில்லை.

அவர்தான் முதலில் அசைந்தார். ஓடிப்போய்க் கோபாலின் மருந்து டின்னைத் தேடி எடுத்து வந்தார். "டாக்டர் கேப்பாங்க," என்றார். முனையில் நின்ற சைக்கிள் ரிக்ஷாவில் என்னை ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஓடிவந்தார்.

சாலையெல்லாம் ஜனம். பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக, பாண்டு வாத்தியத்தோடு, கொடியசைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். "மெர்டேக்கா!" என்று ஒரு குரல் கத்த, ஆயிரம் குரல் திருப்பிக் கத்தியது. ரிக்ஷா நின்றுவிட்டது. என் மடியில் குழந்தையின் கை குளிர்ந்துகொண்டே வந்தது. அவர் கூட்டத்துக்குள் புகுந்தார். ரத்தம் வழியும் தலையோடு, விஷ டின்னை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, புள்ளக்கி வழி விடுங்க," என்று தமிழிலும் மலாயிலும் கத்திக்கொண்டே போனார். பந்தி சிரித்ததற்கே எழுந்துபோன மனிதர். ஜனம் அவரைப் பார்த்துப் பயந்து விலகியது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் டின்னில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து சொன்னார்.

"கொஞ்சமாத்தான் உள்ள போயிருக்கு. ஆனா இப்பவே ஒன்னும் சொல்ல முடியாது. மூத்திரம் போறானான்னு பாருங்க. போனா பொழைச்சுக்குவான். போகலன்னா ஒடனே என்னைக் கூப்பிடுங்க."

குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுக்க வந்தார்கள். வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கையை நீட்டினார். வெந்த உள்ளங்கைகளில் கட்டு, தலையில் கட்டு. அதுவரை தொடாத குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வாத்தியச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிண்ணே அவ்வளவு தைரியம் வந்துச்சு? அந்த அண்டாவக் கவுக்க?" என்றேன். ஏதாவது பேசாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"தைரியமா?" என்றார். "சயாம்ல எங்க லயத்துக்கு மேல ஒரு ஓடை. ஒருநா காலையில மேல போனப்பப் பார்த்தேன். தண்ணியில ரெண்டு பொணம் கெடந்துச்சு. பேதியில செத்ததுங்க. எறங்கி வந்து சொல்லியிருக்கணும். வேலைய விட்டுட்டு எதுக்குடா மேல போனன்னு மண்டோர் அடிப்பான். அந்த அடிக்குப் பயந்து சொல்லல. சாயங்காலம் அந்தத் தண்ணியிலதான் கஞ்சி காச்சுனாங்க. எனக்கு வேணாம், வயித்து வலின்னு சொல்லிட்டேன். என் தம்பி ரெண்டு கொவள குடிச்சான். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குழந்தையின் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்கு நான் கவுத்தது அந்தக் கஞ்சியத்தான் தங்கச்சி. பதினாலு வருஷம் கழிச்சு."

காலையில் முற்றத்தில் நான் அவரைத் திட்டிய வார்த்தை என் வாயிலேயே இருந்தது.

மத்தியானம் போய்ச் சாயங்கால வெயில் வராந்தாவுக்குள் வந்தது. துணி காய்ந்தே இருந்தது. வாசலில் கோபால் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சேதி கேட்டுக் கண்டக்டர் உடுப்போடு ஓடிவந்த என் கணவர், பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று அவர் நிமிர்ந்தார். மூச்சை நிறுத்தினார். தொட்டியில் குழாயை இறக்கும்போது பிடிப்பாரே, அதே மாதிரி. அவர் வெள்ளைச் சட்டையின் நடுவில் ஒரு ஈரம் தெரிந்தது. அது மெதுவாக விரிந்து, வயிற்றில் இறங்கி, வேட்டியை நனைத்து, பெஞ்சிலிருந்து தரையில் சொட்டியது.

"தங்கச்சி," என்றார்.

என் கணவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் துணியால் துடைக்கப் போனேன். அவர் தலையை ஆட்டி என் கையைத் தடுத்துவிட்டார். குழந்தை கண்ணைத் திறந்து, அவர் தலைக்கட்டைப் பார்த்து, பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தான். அவரும் அழுதார். சட்டை நனைந்து, காலடியில் குட்டையாகத் தேங்கி நிற்க, அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.